கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் எப்படிக் கேட்க வேண்டும்?

இந்த முறை கொஞ்சம் சரித்திரம். "உனக்கு எதுக்குடா இது, காஸ்டிங் பேப்பரைப் படி" என்று சொல்லப்போகும் பி.காம். நண்பர்களே, நடுவில் நம்ம பாடமும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

"என் கொள்ளுத்தாத்தா பெயர் முத்துசாமி. மெட்ராஸிலிருந்து கப்பலில் போனவர். அவருடைய ஊரையும் சொந்தக்காரர்களையும் கண்டுபிடித்துத் தர முடியுமா?"

தமிழர்கள் கடல் கடந்து போன நாடுகளிலிருந்து இந்த மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்கிறவருடைய ஆசை உண்மையானதுதான். ஆனால் இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முத்துசாமி ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. "மெட்ராஸ்" என்பதும் அன்றைக்கு ஒரு நகரத்தின் பெயர் மட்டுமில்லை. ஒரிசா எல்லையிலிருந்து திருநெல்வேலி வரை நீண்டு கிடந்த மாகாணத்துக்கும் அதுதான் பெயர்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? அந்த மனிதரை அந்தக் காலத்தில் யார், எதற்காக எழுதி வைத்தார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சாதாரண மனிதர்களை யாரும் சும்மா எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கிளம்பிய "ட்ரூரோ" கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பலின் பெயர் எல்லாம் பட்டியலில் ஏறின. உடம்பிலுள்ள தழும்பு, மச்சம் கூட எழுதப்பட்டது. அக்கறையினால் இல்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க வேண்டுமே! மொரீஷியஸில் 1860களிலிருந்து புகைப்படமே எடுத்து வைத்தார்கள். அந்த ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

ஆளைப் பிடிப்பதற்காக எழுதிய அந்தப் பட்டியல்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. அதனால் நேட்டால் வழி வந்த ஒருவர் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணை. வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்களில் அது இருக்கலாம். எண் கிடைத்தால் கப்பல் கிடைக்கும், கப்பலோடு கிராமமும் கிடைக்கும். அதற்குப் பிறகு இங்கே எழுதிக் கேட்டால் அர்த்தம் உண்டு. எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டர் அங்கே "கவெண்டர்" ஆனார், முதலியார் "மூட்லி" ஆனார்.

இனி நம்ம கடற்கரைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குப் பக்கத்து நாடு இலங்கை. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. இங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை ரயிலில் வந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு இதுதான் பாதை. ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை நேட்டால் மாதிரி எண் போட்டு அனுப்பவில்லை. கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, தன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்டது பெரும்பாலும் கங்காணியிடம் பட்ட கடன் கணக்கு. அது எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போய்ச் சேரும் ஏடு இல்லை.

இது வெறும் ஆர்வத்துக்கான விஷயம் என்று நினைக்காதீர்கள். சுதந்திர இலங்கை 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது தெரியுமா? இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் அவருடைய தகப்பனாரும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். லயன் வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்தே வாழ்க்கையை முடித்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான்.

பிறகு 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் கணக்குப் போட்டுப் பிரித்தன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு வந்தவர்களில் பலருக்கு இங்கே "சொந்த ஊர்" எது என்றே தெரியாது. ஆதாரம் கேட்பதை விட்டுவிட்டு, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலேயே வசித்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. "உன் தாத்தா எங்கே பிறந்தார்?" என்ற ஒரு கேள்வி இத்தனை பேருடைய தலையெழுத்தை மாற்றியிருக்கிறது.

நம்ம பகுதியில் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

1. ஊர்ப் பெயர். எங்கள் சாகுபுரம் 1950களின் பிற்பகுதியில் டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலை வந்த பிறகு உண்டான பெயர். அதற்கு முந்தைய ஏடுகளில் "சாகுபுரம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்றுதான் தேட வேண்டும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். அதற்கு முன்னால் எல்லாம் திருநெல்வேலி ஜில்லா.

2. குடும்பப் பெயர். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கர்களானபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் சேர்ந்து வந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது என்று பெயர் இருப்பதால் முன்னோர் போர்ச்சுக்கலிலிருந்து வந்தவர் என்று அர்த்தமில்லை. எந்தப் பங்கு என்று தெரிந்தால் ஞானஸ்நான ஏட்டில் தாய் தகப்பன் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் கிடைக்கும்.

3. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வார். "தாத்தா வீடு எது?" என்று கேட்பதைவிட "பாட்டி வீடு எது?" என்று கேட்டால் சீக்கிரம் வழி கிடைக்கும்.

4. நிலம் வைத்திருந்தவர் என்றால் பழைய கிரயப் பத்திரம். அதில் தகப்பனார் பெயர், ஊர், நான்கு எல்லையிலும் உள்ளவர்களின் பெயர் எல்லாம் இருக்கும்.

இப்போது நம்ம பாடம். கணக்குப் பதிவியலில் வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் எதையும் ஏற்றக்கூடாது என்று முதல் வருடமே சொல்லித் தருகிறார்கள் அல்லவா? குடும்ப வரலாறு கேட்டு எழுதும் கடிதத்துக்கும் அதே விதிதான். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். காகிதத்தில் பார்த்தது, பெரியவர்கள் சொல்லிக் கேட்டது, நாமாக ஊகித்தது. மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். "1902" என்று நிச்சயமாக எழுதிவிட்டால் உதவி செய்கிறவர் அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார். "பாட்டி சொன்னபடி 1900க்கும் 1905க்கும் இடையில்" என்று எழுதினால் ஆறு வருடமும் பார்ப்பார். ஏற்கனவே எங்கே தேடினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி போதும். பங்குக் குருவானவரோ, ஜமாஅத் நிர்வாகியோ, ஊர்ப் பெரியவரோ, அவர் தன் வேலைக்கு நடுவில்தான் உங்களுக்காக ஏட்டைப் புரட்டுகிறார். நகல் செலவைக் கொடுப்பதாக முதலிலேயே எழுதுவது மரியாதை.

இன்னொன்று முக்கியம். வெளிநாட்டிலிருந்து திடீரென்று ஒரு சொந்தம் வந்து "எங்கள் தாத்தா நிலம் எது?" என்று கேட்டால் ஊரில் இருப்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பங்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்றுதான் நினைப்பார். சொத்துக்காகக் கேட்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கப்பல் ஏறியவர்களுக்குப் பின்னால் கடன் இருந்திருக்கலாம், சாதிச் சண்டை இருந்திருக்கலாம், கைவிடப்பட்ட ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருந்திருக்கலாம். பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதனால் சாதியைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. "சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. பதில் கிடைத்தால் நன்றி சொல்வதோடு, என்ன கண்டுபிடித்தோம் என்பதையும் திருப்பி எழுத வேண்டும். அவர்களும் எத்தனையோ வருடமாக "போனவர் என்ன ஆனாரோ" என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை நண்பர்களே. நம்மில் எத்தனை பேருக்குத் தாத்தாவின் தகப்பனார் பெயர் தெரியும்? நம்ம பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் ஒன்றுதான் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் பாட்டிமார்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர், ஊர், யார் வீட்டில் பிறந்தார்கள், யார் எங்கே போனார்கள். இந்த நாலு விஷயம் போதும். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.