விக்கிப்பீடியா எங்கெங்கே குடியிருந்தது? வளரும் இணையதளமும் வழங்கித் தேர்வும்

ஓர் இணையதளத்தை எந்த வழங்கியில் வைப்பது என்ற கேள்வியைப் பொறியாளர்களுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுவது நம் துறைகளில் வழக்கமாகிவிட்டது. மாதக் கட்டணம் எவ்வளவு, சேமிப்பிடம் எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் தாங்கும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சொல்லகராதி, வட்டார வழக்குத் தொகுப்பு, கல்வெட்டுத் தரவுத்தளம் என்று மொழி சார்ந்த பணிகள் யாவும் இணையத்துக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில், இந்தக் கேள்வியை வரலாற்று நோக்கில் அணுகுவது பயன் தரும் என்று கருதுகிறேன். அதற்கு விக்கிப்பீடியாவைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. எவரும் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்த தளம் அது. அது தங்கிய ஒவ்வோர் இடமும், இடம் பெயர்ந்ததற்கான காரணங்களும் பொதுவெளியில் பதிவாகியுள்ளன.

2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அதற்கெனத் தனி வீடு இல்லை. ஜிம்மி வேல்ஸ் பங்குதாரராக இருந்த போமிஸ் என்ற வணிக நிறுவனம், விளம்பர வருவாயில் இயங்கிய தன் வழங்கிகளில் அதற்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தது. வல்லுநர்கள் எழுதிச் சரிபார்க்கும் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தின் துணைத்திட்டமாகவே அது கருதப்பட்டது. அதை இயக்கிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள், ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக வட்டில் எழுதி வைத்தது. தரவுத்தளம் என்ற ஒன்றே அப்போது இல்லை. சிறிய குழுவின் குறிப்பேட்டுக்கு அந்த ஏற்பாடு முற்றிலும் போதுமானது.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு. தொடக்ககால விக்கி மென்பொருள்களில், சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால்தான் இணைப்பு உருவாகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாத தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துமுறைகளுக்கு இந்த விதியில் இடமே இல்லை. தொடங்கிய சில வாரங்களிலேயே இரட்டை அடைப்புக்குறி முறை வந்து அத்தடை நீங்கியது. எனினும், ஒரு மென்பொருளைத் தேரும்போது அதனுள் உறைந்துள்ள மொழிக் கருதுகோள்களையும் சேர்த்தே தேர்கிறோம் என்பதற்கு இது நல்ல சான்று.

வளர்ச்சி விரைவாக வந்தது. 2001 பிப்ரவரியில் ஏறத்தாழ ஆயிரமாக இருந்த கட்டுரைகள் செப்டம்பரில் பத்தாயிரத்தை எட்டின. கோப்பு முறை திணறியது. 2002 ஜனவரியில், மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய உயிரியல் மாணவர் பிஎச்பி மொழியில் எழுதிய புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. பக்கங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாறின. சில மாதங்களில் அதுவும் தளர்ந்தது. காரணம் எளியது. ஒவ்வொரு வாசகர் வரும்போதும் பக்கத்தைப் புதிதாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், வாசகர் பெருகப் பெருகத் தரவுத்தளத்தின் மீது சுமை ஏறிக்கொண்டே போனது. 2002 ஜூலையில் லீ டேனியல் குராக்கர் அதைப் பெருமளவு மாற்றி எழுதினார். பின்னர் மீடியாவிக்கி என்று பெயர் பெற்ற மென்பொருளின் அடித்தளம் அதுதான். தளம் மெதுவாகிறது என்றவுடன் பெரிய வழங்கி வாங்க ஓடுவோர் இந்த ஆண்டை நினைவில் கொள்ளலாம். நெரிசல் எங்கே ஏற்படுகிறது என்று அறியாமல் வாங்கும் பொறி, அதே நெரிசலைச் சில மாதங்கள் தள்ளிப்போடும், அவ்வளவே.

அதே 2002இல் நிகழ்ந்த மற்றொன்றையே இவ்வரலாற்றின் மையமாக நான் கருதுகிறேன். போமிஸ் வணிக நிறுவனம். விக்கிப்பீடியாவை ஓம்பும் செலவு அதற்கு ஏறிக்கொண்டிருந்தது. பக்கங்களில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு அவ்வாண்டு பிப்ரவரியில் எழுந்தது. ஸ்பானிய மொழிப் பதிப்பின் பங்களிப்பாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தாங்கள் ஊதியமின்றி எழுதியது யாருடைய வருவாய்க்கு என்று கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், எழுதப்பட்ட கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். செவில்யா பல்கலைக்கழகத்தின் வழங்கியில் என்சிக்ளோபீடியா லிப்ரே என்ற தனிக் கலைக்களஞ்சியத்தை நிறுவினார்கள். சில காலம் அது ஸ்பானிய விக்கிப்பீடியாவைவிடப் பெரியதாகவும் விளங்கியது.

இது எவ்வாறு இயன்றது? இரண்டு காரணங்களைக் கூறலாம். உள்ளடக்கம் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின் கீழ் இருந்ததால், படியெடுத்து வேறிடத்தில் வெளியிடும் உரிமை எவருக்கும் இருந்தது. இடம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. உரிமம் மட்டும் இருந்து வழங்கி இல்லையென்றால் அந்த உரிமை ஏட்டளவில் நின்றிருக்கும். வழங்கி மட்டும் இருந்து உரிமம் இல்லையென்றால் அது திருட்டாகியிருக்கும். பிரிவின் அழுத்தம் தாய்த்தளத்தையும் மாற்றியது. விளம்பரம் வராது என்ற உறுதி பிறந்தது. வணிகத்தைச் சுட்டும் டாட் காம் முகவரி அவ்வாண்டிலேயே டாட் ஆர்க் ஆனது. 2003 ஜூன் 20 அன்று விக்கிமீடியா அறக்கட்டளை உருவாகி, வழங்கிகளும் பெயரும் போமிஸிடமிருந்து அதன் பொறுப்புக்கு மாறின. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். ஆகவே தமிழ்ப் பதிப்பு, விளம்பரச் சர்ச்சை தீர்ந்து, பொது அறக்கட்டளைக்குச் சொந்தமான வீட்டில் பிறந்த குழந்தை. முன்பே குடியிருந்தோர் நடத்திய வழக்கின் பயனை அது பெற்றது.

சொந்த வீடு என்றால் சொந்தச் செலவும் உண்டு. 2003 டிசம்பரில், இருந்த ஓரிரு வழங்கிகளும் பழுதாகித் தளம் பலமுறை முடங்கியது. பொதுமக்களிடம் நன்கொடை கோரப்பட்டது. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் திரண்டது. அப்பணத்தில் வாங்கிய புதிய பொறிகள் 2004இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலிருந்த ஒரு தரவு மையத்தில் நிறுவப்பட்டன. அங்குதான் விக்கிப்பீடியாவின் அடுக்கு முறை உருப்பெற்றது. முன்வரிசையில் ஸ்குவிட் என்ற இடைச்சேமிப்பு வழங்கிகள், அவற்றின் பின்னே பக்கங்களைத் தொகுக்கும் வழங்கிகள், கடைசியில் தரவுத்தளங்கள். வாசகர்களில் பெரும்பாலோர் படிக்க மட்டுமே வருவர்; திருத்துவோர் சிலரே. ஒருவருக்காகத் தொகுத்த பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்து வரும் ஆயிரம் பேருக்கும் அதையே கொடுத்தால் தரவுத்தளத்தை எழுப்ப வேண்டியதில்லை. வாசிப்பும் எழுத்தும் எந்த விகிதத்தில் நிகழ்கின்றன என்ற ஒரே தகவலிலிருந்து பிறந்த வடிவமைப்பு இது. 2005 ஜனவரியில் 39 ஆக இருந்த வழங்கிகள், அவ்வாண்டு செப்டம்பருக்குள் நான்கு இடங்களில் ஏறத்தாழ 100 ஆயின.

இடையில் ஓர் அடி விழுந்தது. 2005 பிப்ரவரியில் டாம்பா தரவு மையத்தில் மின்தடுப்பிகள் துண்டித்துக்கொள்ள, வழங்கிகள் யாவும் ஒரே கணத்தில் அணைந்தன. மின்சாரம் விரைவிலேயே திரும்பியது. தளம் திரும்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று. வட்டில் எழுதிவிட்டதாக வன்பொருள் அறிவித்திருந்த தரவுகளில் சில உண்மையில் எழுதப்படாமல் இருந்தமையால் தரவுத்தளப் படிகள் பல சிதைந்திருந்தன. சிதையாது எஞ்சிய ஒன்றிலிருந்தே மற்றவற்றை மீட்க வேண்டியிருந்தது. பல படிகள் இருந்தும் அவை அனைத்தும் ஒரே கூரையின் கீழ், ஒரே மின்னிணைப்பில் இருந்தன. ஓலைச்சுவடி மரபை அறிந்த நமக்கு இது புதிய பாடம் அன்று. ஒரே மடத்தில் பத்துப் படிகள் இருப்பதைவிட வெவ்வேறு ஊர்களில் மூன்று படிகள் இருப்பது நூலுக்குப் பாதுகாப்பு. சூறாவளிகள் கடக்கும் புளோரிடாவிலிருந்து, வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்ன் நகருக்கு முதன்மைத் தளம் பெயர்ந்தது 2013 ஜனவரியில்.

பெருநிறுவனங்கள் இடம் கொடுக்க முன்வந்ததும் 2005இல்தான். கூகுள் சில உள்ளடக்கங்களைத் தன் வழங்கிகளில் வைத்துக்கொள்ள முன்மொழிந்த செய்தி பிப்ரவரியில் வெளியானது. விளம்பரம் வந்துவிடுமோ என்ற ஐயம் மீண்டும் எழுந்தது. அம்முன்மொழிவு முழு இடமாற்றமாக மாறவில்லை. அடுத்து யாகூ ஆசியாவில் வழங்கிகளை அளிக்க, அவை தென்கொரியத் தலைநகர் சியோலில் இயங்கின. பிறர் கொடுத்த பொறிகளை ஏற்பதில் அறக்கட்டளைக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் தளத்தின் பெயரும், மூலப்படியும், வெளியேறும் உரிமையும் அதன் கையிலேயே இருந்தன. கொடை நின்றாலும் தளம் நிற்காது என்ற நிலையில்தான் கொடையை ஏற்றது.

இதற்கு மறுதலையாக ஜியோசிட்டிஸ் கதையை வைத்துப் பார்க்கலாம். 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் தனிமனிதர்கள் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொண்ட இடம் அது. ஒருங்குறி பரவுவதற்கு முன், தனித்தனி எழுத்துருக்களில் தமிழில் எழுதியோரும் அத்தகைய இலவசத் தளங்களையே நாடினர். 1999இல் யாகூ அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்கத் தளத்தை மூடியது. தன்னார்வலர்கள் விரைந்து படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. அங்கு எழுதியோரிடம் பொதுவான உரிமம் இல்லை, சொந்த முகவரி இல்லை, முழுப்படி இறக்கிக்கொள்ளும் பழக்கமும் இல்லை. ஒரே யாகூ நிறுவனம் ஒரு தளத்துக்குக் கொடையாளியாகவும் மற்றொன்றுக்கு முடிவெழுதியவராகவும் இருந்தது. வேறுபாடு நிறுவனத்தின் குணத்தில் இல்லை. குடியிருந்தோர் வைத்துக்கொண்ட உரிமைகளில் இருந்தது.

நம் நிலத்துக்கு வருவோம். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. 'கொ' என்று திரையில் தெரியும் ஓரெழுத்து, மெய்க்கும் உயிர்க்குறிக்குமாக இரண்டு குறியீடுகள். ஆகவே ஆறு பைட். சுருக்க முறைகள் இச்சுமையைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன என்றாலும், தேடல் அட்டவணையும் காப்புப்படியும் திட்டமிடுவோர் ஆங்கிலக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைவும் ஒரு கணக்கு. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து வர்ஜீனியா நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர மட்டும் 130 மில்லிவினாடிக்குக் குறையாது. கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதும் இல்லை. ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டும். 2018இல் விக்கிமீடியா சிங்கப்பூரில் இடைச்சேமிப்பு மையம் திறந்தபோது தெற்காசிய வாசகர்களுக்கு இத்தொலைவு பல மடங்கு சுருங்கியது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடிக் கடலடிக் கம்பிகள் 2000களின் தொடக்கத்திலிருந்தே உள்ளன.

இன்று நாம் தேர்வு செய்யும் சூழல் வேறு. 2006இல் அமேசான் தொடங்கிய மேகக் கணிமைச் சேவைக்கு 2016 முதல் மும்பையிலும் மையம் உண்டு. பயன்பாட்டுக்கு ஏற்பப் பணம், நொடியில் கூடுதல் வழங்கி. திடீரென வளரும் தளத்துக்கு இது பெரும் வசதி. அதை மறுப்பதற்கில்லை. விக்கிமீடியா இன்றும் வாடகை மையங்களில் சொந்தப் பொறிகளையே வைத்திருக்கிறது. அந்தப் பாதை எல்லோருக்கும் இயலாது. மூன்றாண்டு நல்கையில் இயங்கும் ஒரு மொழி ஆவணத் திட்டம் வழங்கி வாங்கிப் பராமரிக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டத்துக்கும் 2002இன் கேள்விகள் பொருந்தும்.

முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது? ஆய்வு உதவியாளர் ஒருவரின் சொந்த அட்டையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் முகவரி, அவர் வேலை மாறும் நாளில் காலாவதியாகும். தரவு முழுவதையும், தளத்தின் உதவியின்றித் திறக்கக்கூடிய எளிய வடிவில், இன்றே இறக்கிக்கொள்ள முடியுமா? வேறொருவர் அதை எடுத்து நிறுத்த உரிமம் இடம் தருகிறதா? நல்கை முடிந்த மறுமாதம் கட்டணம் யாருடையது? இரண்டாம் படி வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறதா? இவற்றுக்கு விடை எழுதிய பிறகு கட்டணப் பட்டியலைப் பார்த்தால் தேர்வு எளிதாகும். விலை குறைந்த சேவையே போதும் என்றுகூடத் தெரியவரலாம்.

நாம் பதிவு செய்யும் வழக்குகள் சிலவற்றுக்குப் பேசுவோர் குறைந்து வருகின்றனர். ஒரு முதியவரின் குரலில் பதிவான கதைப்பாடலை அவர் மறைந்த பின் மீண்டும் பதிவு செய்ய இயலாது. அத்தகைய தரவைத் தாங்கும் தளத்துக்கு வழங்கி தேர்வது தொகுப்பாசிரியரின் பணி; அதை விலைப்புள்ளி கேட்கும் அலுவலகப் பிரிவுக்கு விட்டுவிடலாகாது. ஆய்வுத் திட்ட முன்மொழிவில் முறையியல் பகுதிக்கு அருகிலேயே அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. உங்கள் துறையில் இதற்கு வேறு நடைமுறை இருப்பின் எழுதுங்கள்; மாறுபட்ட கருத்தாயினும் வரவேற்கிறேன்.