ஆய்வு

கீரை ஆய்கிறோம், நூலையும் ஆய்கிறோம். 'ஆய்' என்னும் வினைக்குத் தெரிந்தெடுத்தல், கொய்தல், ஆராய்தல் எனப் பொருள்கள் உண்டு. தொல்காப்பிய உரியியல் ஆய்தலை நுணுக்கப் பொருளில் வைக்கிறது.

இவ்வினையிலிருந்து பிறந்த 'ஆய்வு' இன்று இரண்டு அடைகளோடு வழங்குகிறது. அளவுசார் ஆய்வு எண்ணிப் பார்ப்பது: ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய புகைப்பழக்க ஆய்வு அவ்வகை. புகையை ஏன் விடமுடியவில்லை என்று புகைப்பவர் வாயாலேயே கேட்டறிவது பண்புசார் ஆய்வு. இதைத் 'தரம்சார்' என்றும் எழுதுகிறார்கள்; உயர்வு தாழ்வு என்ற மயக்கம் தருவதால் எனக்கு அது உவப்பில்லை.

ஓர் ஆய்வுக் கட்டுரை இவற்றுள் எவ்வகை என்றறிய முறையியல் பகுதியைப் பாருங்கள். சராசரி, விழுக்காடு, புள்ளியியல் சோதனை என்றால் அளவுசார். நேர்காணல், குழு உரையாடல், கருப்பொருள் பகுப்பாய்வு என்றால் பண்புசார். தரவுத்தளத்தில் தேடும்போதும் இச்சொற்களைத் தலைப்போடு சேர்த்து இடுங்கள்.