பிரையன் கிளஃப்

பிரையன் ஹோவர்ட் கிளஃப் (மார்ச் 21, 1935 – செப்டம்பர் 20, 2004) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்து வீரரும் மேலாளரும் ஆவார். முழங்காற் காயத்தினால் 29 ஆவது வயதில் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்த இவர், பின்னர் டார்பி கவுண்டி, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய இரு கழகங்களை இரண்டாம் பிரிவிலிருந்து உயர்த்தி, இங்கிலாந்தின் வாகையர் பட்டத்தை முதன்முறையாகப் பெறச் செய்தார். இவரது பெரும் வெற்றிகளுட் பல, துணை மேலாளர் பீட்டர் டெய்லருடன் இணைந்து பெற்றவையாகும்.

ஆட்ட வாழ்க்கை

மிடில்ஸ்பரோ நகரிற் பிறந்த கிளஃப், 1955 இல் அந்நகரக் கழகத்தின் முன்கள வீரராக ஆடத் தொடங்கினார். அங்கு 213 லீக் ஆட்டங்களில் 197 கோல்கள் அடித்தார். எனினும் இங்கிலாந்து அணிக்காக 1959 இல் இரு ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். 1961 இல் சண்டர்லாந்து கழகத்திற்கு மாறினார்.

டிசம்பர் 26, 1962 அன்று பரி கழகத்துடனான ஆட்டத்தில், எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதியதில் இவரது முழங்கால் மூட்டின் நார்கள் அறுந்தன. அக்காலத்தில் இத்தகைய காயத்திலிருந்து மீண்டு ஆடுவது அரிது. 1964 இல் மூன்று ஆட்டங்களில் ஆடிய பின் ஓய்வு பெற்றார். மொத்தம் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்திருந்தார்.

மேலாளர்

சண்டர்லாந்தின் இளையோர் அணியைப் பயிற்றுவித்த கிளஃப், 1965 இல் நான்காம் பிரிவுக் கழகமான ஹார்ட்டில்பூல்ஸ் யுனைட்டெடின் மேலாளரானார். மிடில்ஸ்பரோவில் கோல்காப்பாளராக இருந்த நண்பர் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். வீரர்களைக் கண்டறிவதில் டெய்லரும், அவர்களை ஊக்குவித்து ஆடவைப்பதில் கிளஃபும் வல்லவர்கள்.

இருவரும் 1967 இல் டார்பி கவுண்டியில் பொறுப்பேற்றனர். அக்கழகம் 1969 இல் முதற் பிரிவுக்கு உயர்ந்து, 1972 இல் வாகை சூடியது. கழக நிருவாகத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் 1973 இல் இருவரும் பதவி விலகிப் பிரைட்டன் கழகத்திற்குச் சென்றனர். 1974 இல் கிளஃப் மட்டும் லீட்ஸ் யுனைட்டெடின் மேலாளரானார். டெய்லர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். லீட்ஸ் அணியின் முரட்டு ஆட்டத்தை முன்னர் வெளிப்படையாகக் கண்டித்திருந்த கிளஃபை வீரர்கள் ஏற்கவில்லை. 44 நாட்களில் அவர் நீக்கப்பட்டார்.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட்

சனவரி 1975 இல் இரண்டாம் பிரிவிலிருந்த ஃபாரஸ்டின் மேலாளராகக் கிளஃப் பொறுப்பேற்றார். 1976 இல் டெய்லர் மீண்டும் இணைந்தார். 1977 இல் முதற் பிரிவுக்கு உயர்ந்த ஃபாரஸ்ட், அடுத்த ஆண்டே வாகையரானது. நவம்பர் 1977 முதல் டிசம்பர் 1978 வரை தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோல்வியுறவில்லை. 1979 இல் மியூனிக்கில் சுவீடனின் மால்மோ கழகத்தையும், 1980 இல் மத்ரித்தில் செருமனியின் ஆம்பர்க் கழகத்தையும் 1-0 என வென்று, இருமுறை ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

பிரிவும் இறுதிக் காலமும்

1982 இல் ஃபாரஸ்டிலிருந்து விலகிய டெய்லர், அதே ஆண்டில் டார்பியின் மேலாளரானார். 1983 இல் அவர் கிளஃபிடம் தெரிவிக்காமல் ஃபாரஸ்ட் வீரர் ஜான் ராபர்ட்சனை டார்பிக்கு ஒப்பந்தம் செய்ததால் நட்பு முறிந்தது. 1990 இல் டெய்லர் இறக்கும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இதற்காகக் கிளஃப் பின்னாளில் வருந்தினார். தமது தன்வரலாற்று நூலை டெய்லருக்குக் காணிக்கையாக்கினார்.

டெய்லர் இல்லாமலும் கிளஃப் 1989, 1990 ஆம் ஆண்டுகளில் லீக் கிண்ணத்தை வென்றார். எஃப்.ஏ. கிண்ணம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 1993 இல் ஃபாரஸ்ட் முதல்நிலைப் போட்டியிலிருந்து தரமிறங்கியபோது ஓய்வு பெற்றார். 2004 இல் இரைப்பைப் புற்றுநோயால் டார்பியில் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

நாட்டிங்காமில் 2008 இல் கிளஃபின் சிலை திறக்கப்பட்டது. டார்பி விளையாட்டரங்கின் அருகே 2010 இல் திறக்கப்பட்ட சிலையில் கிளஃபும் டெய்லரும் சேர்ந்து நிற்கின்றனர். இரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்குக் கிளஃபின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.