ரெம்பிராண்டின் வீடும் வாப்பாவின் கொப்பியும்

ஓவியம் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. புத்தளம் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கும் வாத்தியார் நான். ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் நூலகத்தில் அட்டை கழன்ற ஓவியப் புத்தகமொன்று கிடந்தது. அதில் ஒரு வயோதிபரின் முகம். சுற்றிலும் இருட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கீழே ரெம்பிராண்ட் என்ற பெயர். அந்த முகம் ஏதோ எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் பார்த்த முகம்போல இருந்தது. பெயர் மனதில் தங்கிவிட்டது.

பல வருடங்கள் கழித்து நெதர்லாந்தில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அழைத்தார். “எங்கே போகவேணும் மச்சான்?” என்று கேட்டபோது, ரெம்பிராண்டின் வீட்டைக் காட்டச் சொன்னேன். அவர் அந்த நாட்டில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர்; அப்படியொரு வீடு இருப்பது அவருக்கும் தெரியாது.

அம்ஸ்டர்டாம் நகரில் ‘யூதர் அகன்ற தெரு’ என்று பொருள்படும் பெயருள்ள வீதியில் அந்த வீடு நிற்கிறது. 1606ஆம் ஆண்டளவில், அதாவது ரெம்பிராண்ட் லெய்டன் நகரில் பிறந்த காலத்தில், கட்டப்பட்ட செங்கல் வீடு. 1639இல் அவர் இதனை 13,000 கில்டருக்கு வாங்கினார். அன்றைக்கு அது பெருந்தொகை. கையில் முழுப் பணமும் இருக்கவில்லை. கால்வாசியை ஒரு வருடத்துக்குள்ளும் மீதியைச் சில வருடங்களிலும் கட்டுவதாக ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 32. பெயரும் புகழும் ஏறிக்கொண்டிருந்த நேரம். அடைத்துவிடலாம் என்று நம்பியிருப்பார்.

கீழ்த்தளத்தில் முன்மண்டபமும் பக்க அறையும். படம் வாங்க வருபவர்களை அங்கேதான் வரவேற்பார். ஓவியராக மட்டுமன்றி ஓவிய வியாபாரியாகவும் இருந்தவர் அவர். பின்பக்கம் சமையலறை. சுவருக்குள் அலுமாரிபோலப் பதித்த கட்டில்கள், அவ்வளவு கட்டையானவை. மனைவி சஸ்கியா நோயுற்றுப் படுத்திருப்பதை அவர் பலமுறை வரைந்திருக்கிறார். 1642இல் 29ஆவது வயதில் அவள் இறந்தாள். மகன் டைட்டஸ் அப்போது ஒரு வயதும் நிரம்பாத குழந்தை. உலகம் போற்றும் ‘இராக்காவல்’ ஓவியத்தை அவர் முடித்ததும் அதே வருடத்தில்தான்.

வளைந்தேறும் ஒடுங்கிய படிகளால் மேலே போனால் பெரிய வேலையறை. உயர்ந்த யன்னல்கள் வடக்கு நோக்கியிருக்கின்றன. வடக்கு வெளிச்சத்தில் நேர்வெயில் படாது; காலை முதல் மாலை வரை ஒரே சீராக இருக்கும். அங்கே ஒரு பெண் நிறம் அரைத்துக் காட்டினார். தட்டைக் கல்லின்மேல் காவிமண் பொடியைக் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, அடிதட்டையான கண்ணாடிக் குழவியால் வட்டம் வட்டமாக அரைத்தார். அம்மியில் கூட்டரைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இன்னோர் அறையில் செப்புத்தகட்டுச் சித்திரம் அச்சிடும் முறையைக் காட்டினார்கள். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு, அதில் ஊசியால் கீறுவார்கள், பிறகு அமிலம். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, நனைந்த கடதாசியை வைத்து, உருளைக்கிடையில் அழுத்தி எடுத்தால் படம். தகட்டில் வரைந்தது கடதாசியில் இடம்வலம் மாறி விழும்.

கூரைக்குக் கீழே மாணவர்களின் வேலையறை. ஒவ்வொருவரும் வருடத்துக்கு 100 கில்டர் கட்டிப் படித்ததாக அக்கால ஓவியர் சாண்ட்ராட் எழுதியிருக்கிறார். வாத்தியாரின் வருமானம் பரவாயில்லை என்று மச்சானிடம் சொன்னேன்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது பொருட்கள் நிறைந்த அறைதான். சிப்பிகள், சங்குகள், பவளம், உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள், தலைக்கவசங்கள், ஈட்டிகள், மான்கொம்புகள், கட்டுக்கட்டாகச் சித்திரங்கள். இவற்றையெல்லாம் ஏலங்களில் விலை பார்க்காமல் வாங்கிச் சேர்த்தவர் அவர். கூம்புவடிவமான, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இட்ட ஒரு சிப்பியை 1650இல் செப்புத்தகட்டில் கீறியிருக்கிறார். அது நமது இந்து சமுத்திரப் பக்கத்துச் சிப்பி. கையெழுத்தைத் தகட்டில் திருப்பி எழுதினாரே தவிர, சிப்பியைத் திருப்பிக் கீறவில்லை. அதனால் அச்சில் அதன் சுருள் மறுபக்கமாகச் சுழல்கிறது. கடற்கரையில் சிப்பி பொறுக்கித் திரிந்த பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்போது மச்சான் காதோடு கேட்டார்: “இதில அந்த மனுஷன் பாவிச்ச சாமான் எது மச்சான்?”

நல்ல கேள்வி. விசாரித்தேன். கதிரை, கட்டில், கவசம், சிப்பி என அறைகளில் இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் அவருடையவை அல்ல. அவருடைய காலத்தைச் சேர்ந்த பொருட்களைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்கள். சில புதிதாகச் செய்யப்பட்டவை.

நடந்தது இதுதான். 1652 முதல் 1654 வரை ஆங்கிலேயரோடு நடந்த கடற்போரால் அம்ஸ்டர்டாமின் வணிகம் படுத்தது. வீட்டுக்காரர் பாக்கியைக் கேட்டார். ஓர் இடத்தில் கடன்வாங்கி இன்னோர் இடத்தில் அடைத்தார் ரெம்பிராண்ட். 1656 ஜூலையில் தன் உடைமைகள் அனைத்தையும் கடன்காரருக்கு ஒப்படைக்க நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டார். ஜூலை 25, 26ஆம் திகதிகளில் எழுத்தர்கள் வந்து அறை அறையாக நடந்து எழுதினார்கள். மொத்தம் 363 பதிவுகள். முன்மண்டபத்தில் தொடங்குகிறது அது. முதலாவதாக, பணியாரம் சுடுபவரைக் காட்டும் ஒரு சிறு ஓவியம். இப்படியே ஒவ்வோர் அறையாகப் போய்ச் சமையலறைச் சட்டிபானைகள் வரை வந்து, கடைசியில் துணிமணிகளைச் சொல்கிறது. மூன்று ஆண் சட்டைகள், ஆறு கைக்குட்டைகள், பன்னிரண்டு கைத்துணிகள், மூன்று மேசைவிரிப்புகள், சில கழுத்துப்பட்டிகள். இவை வீட்டில் இல்லை, வெளுக்கப் போயிருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றும் எழுத்தர் குறித்திருக்கிறார். வெளுக்கப்போன சட்டையும் கடனுக்குச் சொந்தம்.

பொருட்கள் ஏலத்தில் போயின. 1658 பெப்ரவரியில் வீடும் 11,218 கில்டருக்கு ஏலம் போனது. ஊரின் மறுபக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடும்பம் போனது. கடன்காரர் இனியும் பறித்துவிடாதிருக்க, 1660இல் டைட்டஸும் ரெம்பிராண்டோடு வாழ்ந்த ஹென்ரிக்கியா என்ற பெண்ணும் சேர்ந்து ஒரு வியாபாரம் பதிந்து, அவரை அதில் வேலைக்காரராக வைத்துக்கொண்டார்கள். அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1669இல் இறந்தார். வாடகைக் குழியில் அடக்கினார்கள். அது எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது.

இந்தத் திகதிகளைக் கேட்டபோது வரலாற்று வாத்தியாரான எனக்கு வேறொரு கணக்கும் ஓடியது. அதே 1656இன் மே மாதத்தில்தான் ஒல்லாந்தர் போத்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். வீடு ஏலம் போன அதே 1658 பெப்ரவரியில் மன்னார் அவர்கள் கைக்குப் போனது, ஜூனில் யாழ்ப்பாணம். கறுவாவும் முத்தும் ஏற்றிய அந்தக் கம்பனிக் கப்பல்களைப் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் படித்தவைதாம். சிப்பிகளும் பட்டும் முகலாயச் சித்திரங்களும் அம்ஸ்டர்டாமுக்குப் போன கடல்வழியும் அதுதான்.

ஆம், முகலாயச் சித்திரங்கள். ரெம்பிராண்ட் 1656 அளவிலிருந்து சில வருடங்களில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துத் தன் கையால் பிரதிசெய்த படங்கள் இருபதுக்கு மேல் இன்றும் உள்ளன. ஜஹாங்கீரும், அப்போது அரியணையில் இருந்த ஷாஜஹானும் அவற்றில் இருக்கிறார்கள். பட்டியலில் ‘விசித்திரமான சிற்றோவியங்கள்’ அடங்கியதாகக் குறித்த ஏடு இந்த மூலங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்பிரதிகளில் ஒன்று மரத்தடியில் விரிப்பில் அமர்ந்து உரையாடும் நான்கு ஷெய்குமாரைக் காட்டுகிறது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. 1656இல் அவர் கீறிய செப்புத்தகட்டுச் சித்திரமொன்று, இப்றாஹீம் நபியவர்களின் வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பற்றியது. நபிமாரை உருவமாக வரைவது நமக்கு உடன்பாடில்லாத காரியம். அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, அவர்களை எப்படி இருத்தியிருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஐரோப்பிய மேசையும் கதிரையும் இல்லை. அந்த ஷெய்குமாரைப்போலவே நிலத்தில் விரிப்பிட்டு, நடுவில் உணவை வைத்து, சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். நாம் சஹனைச் சுற்றி உட்காருவதுபோல. வீட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வருடத்தில் அந்த மனிதர் விருந்தோம்பலைக் கீறியிருக்கிறார்.

அவர் போன பிறகு அந்த வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள், மாடி கூட்டினார்கள். 1906இல், அவர் பிறந்து 300 வருடம் நிறைந்தபோது, பாழடைந்து கிடந்ததை நகரசபை வாங்கியது. 1911இல் அரும்பொருளகமாகத் திறந்தார்கள். ஆனால் உள்ளே அவர் வாழ்ந்த வீட்டைத் திருப்பி அமைத்தது 1990களின் கடைசியில்தான். அதற்குக் கைகொடுத்தது எழுத்தர்களின் அந்தப் பட்டியல். எந்த அறைக்குப் பிறகு எந்த அறை, எதில் என்ன இருந்தது என்பதை அதிலிருந்து படித்து, அவருடைய சித்திரங்களோடு ஒப்பிட்டு அமைத்தார்கள். வீட்டைக் கலைக்க எழுதிய காகிதமே வீட்டைத் திருப்பிக் கட்டவும் உதவியது.

எல்லா வீட்டுக்கும் இப்படி அமைவதில்லை. அதே தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்த யூதக் குடும்பங்களை 1942, 1943இல் நாஜிகள் பிடித்து ரெயிலேற்றினார்கள். மிகப் பெரும்பாலானோர் திரும்பவில்லை. 1944–45 பஞ்சக் குளிரில், வெறுமையாகிக் கிடந்த அவர்களது வீடுகளின் மரங்களை ஊரார் விறகுக்குப் பிடுங்கினர். பின்னர் அவற்றில் பல இடிக்கப்பட்டன. ஒரு வீட்டைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம். அக்கம்பக்கத்து வீடுகள் இருந்த இடத்தில் புதிய கட்டடங்கள்.

திரும்பும்போது ட்ராமில் எனக்குப் பேச்சு வரவில்லை. வாப்பாவின் கொப்பி நினைவில் நின்றது.

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. முகாமுக்கு வந்து சில மாதங்களில், இழந்தவற்றை எழுதித் தருமாறு ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். வாப்பா என்னுடைய பாடசாலைக் கொப்பியை வாங்கி எழுதத் தொடங்கினார். முன் விறாந்தையில் சாய்கதிரை ஒன்று, வாங்கு ஒன்று. நடு அறையில் தையல் மெஷின், ரெஹால் இரண்டு, பெற்றோமக்ஸ் ஒன்று. குசினியில் இன்னின்ன. வளவில் ஆடு ஒன்பது, தென்னை இருபத்திரண்டு, கிணறு ஒன்று. கடைசி வரியில், கொடியில் காயப்போட்டிருந்த உம்மாவின் சாரி இரண்டு.

அலுவலகத்துக்கு நல்ல பிரதியொன்று போனது. பதில் வரவில்லை. கொப்பியை வாப்பா வைத்துக்கொண்டார். பெரியவனான பிறகு நான்கூடக் கேலி செய்தேன்: கொடியில் கிடந்த சாரிக்கு யார் வாப்பா காசு தரப்போகிறார்கள்? அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. “இருந்தது, எழுதினேன்” என்றார். 2004இல் மௌத்தானார்.

2010இல் நான் ஊருக்குப் போனபோது வளவில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் இருந்தன. கொப்பியைக் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. அம்ஸ்டர்டாமிலிருந்து வந்த அடுத்த பள்ளி விடுமுறையில், மகளையும் கொப்பியையும் கொண்டு மறுபடி போனேன். அவள் வாசிக்க வாசிக்க அத்திவாரத்தின்மேல் நடந்தேன். முன் விறாந்தை இங்கே. நடு அறை இங்கே. மெஷின் இந்த மூலையில். உம்மா தைக்கும்போது கிழக்கு யன்னல் வெளிச்சம் அவர் கையில் விழும். குசினியைத் தாண்டி வெளியே வந்ததும், “வாப்பா, கொடி எங்கே கட்டியிருந்தது?” என்று மகள் கேட்டாள். கிணற்றடிப் பூவரசுக்கும் குசினிச் சுவருக்கும் இடையில் என்று காட்டினேன். பூவரசு இன்னும் நின்றது.

இப்போது என் வகுப்பில் ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வாசலில் தொடங்கி அறை அறையாக நடந்து உங்கள் வீட்டை எழுதிக்கொண்டு வாருங்கள். எதையும் சின்னது என்று விடவேண்டாம். வெளுக்கப் போட்ட உடுப்பையும் எழுதுங்கள்.