நகரும் பரவளையம்: ஊடாடும் வரைபடம் பாடநூலுக்குள் வந்த வரலாறும் தருமபுரியின் தேவையும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணித வினாத்தாளில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8. பழைய முறையில் இரண்டும் பத்துப் பத்தாக இருந்தன. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளைக் கரையேற்ற ஆசிரியர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இந்தப் பதினாறைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே குறைந்த அளவு அது. இங்கே முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு, 35 எடுத்தால் தேர்ச்சி என்கிற கணக்கில், இந்தப் பதினாறு சிறிய எண் அல்ல. அதனால் வரைபடம் புரிய வேண்டிய பாடமாக இல்லாமல் பழக வேண்டிய பயிற்சியாகிவிட்டது. அட்டவணை போடு, புள்ளி குறி, இணை, அளவுத்திட்டம் எழுது. அவ்வளவுதான்.

அசையும் வரைபடம் இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அது வந்து சேர்ந்த பாதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது. உலகெங்கும் இணையக் கற்றல் தளங்களின் பக்கத்துக்குள் பொதிக்கப்பட்ட அந்த வரைபடத்தை நாம் அச்சுப் புத்தகத்துக்குள் பொதித்தோம் என்பதும், அது சரியான முடிவே என்பதும், ஆனால் அந்த வேலை பாதியில் நிற்கிறது என்பதும் என் வாதம்.

தொடக்கம் பிரான்சில். கிரெனோபிளில் 1980-களில் ழான்-மரி லாபோர்த் குழுவினர் உருவாக்கிய 'காப்ரி', 1991-இல் அமெரிக்காவில் நிக்கலஸ் ஜாக்கிவ் வடிவமைத்து வெளியான 'ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட்' ஆகிய இரண்டும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: முக்கோணத்தின் உச்சியை இழுத்தால் படம் முழுதும் விதி மாறாமல் கூடவே நகர வேண்டும். இரண்டுமே கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருள்கள். அதே 1980-களில் இந்தியாவும் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. கணக்கு வகுப்புக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

இணையப் பக்கத்துக்குள்ளேயே வரைபடம் இயங்கலாம் என்ற நிலையை 1995-இல் வந்த ஜாவா ஏற்படுத்தியது. ஜாவாவில் எழுதிய சிறுநிரலைப் பக்கத்தின் நடுவில் ஒரு சட்டமாக வைக்கலாம். பாடமும் படமும் ஒரே இடத்தில் இருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுநிலை ஆய்வுக்காக 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா இந்த வழியில்தான் பரவியது. வடிவத்தை ஒரு பக்கமும் அதன் சமன்பாட்டை மறுபக்கமும் வைத்து, ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும்படி அவர் பிணைத்தார். ஸ்லைடரைத் தள்ளினால் கெழு மாறும். கெழு மாறினால் பரவளையம் விரியும், சுருங்கும், கவிழும்.

ஆனால் ஜாவாவை நம்பிய பக்கங்களுக்கு ஆயுள் குறைவு. பாதுகாப்புக் காரணங்களால் குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் அந்தச் சிறுநிரல்களை இயக்கிய செருகுநிரல்களைக் கைவிட்டன. எச்டிஎம்எல் 5 தரம் 2014-இல் முறைப்படி ஏற்கப்பட்டபின், எந்தச் செருகுநிரலும் இல்லாமல் உலாவியே வரையும் காலம் வந்தது. ஜியோஜீப்ரா மாற்றி எழுதப்பட்டது. 2011-இல் தொடங்கிய டெஸ்மாஸும், ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஎஸ்எக்ஸ்கிராஃபும் தொடக்கத்திலிருந்தே இவ்வழியில் வந்தவை. கைபேசியிலும் வரைபடம் அசையும் என்பதே இம்மாற்றத்தின் பெரிய பலன். தமிழ்நாட்டுக் கதை இங்கிருந்துதான் உயிர் பெறுகிறது. ஏனென்றால் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தந்தபோதிலும், வீட்டில் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இருந்தது அப்பாவின் கைபேசிதான்.

அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் 2017-இல் அமைந்த குழுவின் வழிகாட்டலில் புதிய பாடத்திட்டம் உருவானது. 2018-19-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு பத்து உள்ளிட்ட பிற வகுப்புகளுக்கும் நூல்கள் வந்தன. கணித நூல்களில் 'இணையச் செயல்பாடு' என்றொரு கட்டம் இடம்பெற்றது. அதில் ஒரு உரலி, விரைவுத் துலங்கல் குறியீடு, செய்ய வேண்டிய படிகள், திரையில் என்ன தெரியும் என்பதற்கான படங்கள். குறியீட்டைக் கைபேசியால் பிடித்தால் ஜியோஜீப்ராவின் பணித்தாள் திறக்கும். மைய அரசின் தீக்‌ஷா தளம் 2017-இல் தொடங்கியிருந்தது. ஆனால் மாணவர் கையில் தினமும் புரள்வது தளம் அல்ல, புத்தகம்.

அந்தக் கட்டத்தால் என்ன லாபம்? இருபடிச் சமன்பாட்டை வரைபடத்தால் தீர்க்கும் பத்தாம் வகுப்பு முறையையே எடுத்துக்கொள்ளலாம். வரைந்த சமன்பாட்டிலிருந்து தீர்க்க வேண்டிய சமன்பாட்டைக் கழித்தால் நேர்க்கோடு கிடைக்கும். அது பரவளையத்தை வெட்டும் இடங்களே தீர்வு. பிள்ளைகள் இதைச் சடங்காகச் செய்கிறார்கள். தாளில் அந்தக் கோடு நின்ற இடத்தில் நிற்கும். திரையில் ஒரு கிடைக்கோட்டை மெல்லக் கீழே இறக்கினால் இரு வெட்டுப்புள்ளிகள் நெருங்கி வந்து, பரவளையத்தின் முனையில் ஒன்றாகி, பிறகு காணாமல் போகும். இரு வெவ்வேறு மூலங்கள், சமமான மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று தன்மைகாட்டியைக் கொண்டு மூன்று வரியில் மனப்பாடம் செய்வது ஒரே அசைவில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கரும்பலகையில் இதைக் காட்ட எந்த ஆசிரியராலும் இயலாது.

ஊரடங்குக் காலத்தில் இந்த ஆதாயம் பின்வாங்கியது. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டுபோனது; அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் காணொளியில் வரைபடம் நகரும், மாணவர் நகர்த்த முடியாது. 'மணற்கேணி' செயலி 2023-இல் வந்த பிறகும் காணொளிக்கே முதலிடம்.

பெரிய சிக்கல் வேறொன்று. 2021 டிசம்பரில் ஜியோஜீப்ராவை பெங்களூரின் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. அதன் தாய் நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அரசு அச்சிட்டு லட்சக்கணக்கில் விநியோகித்த புத்தகத்தின் உரலி, அரசுக்குச் சொந்தமில்லாத தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தளம் இயங்குவது ஆறுதல்தான். ஆனால் அச்சில் ஏறிய முகவரியைத் திருத்த முடியாது. அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். ஜாவா பக்கங்கள் ஒரே உலாவிப் புதுப்பிப்பில் செத்துப்போனதைப் பார்த்த பிறகும் நாம் இதைப் பற்றிக் கவலைப்படாதது வியப்பு.

தருமபுரியில் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் கைபேசிச் சிக்னல் சமவெளியில் போலக் கிடைப்பதில்லை. இணைப்பு இருந்தால்தான் பரவளையம் அசையும் என்றால், பாடநூலின் அந்தக் கட்டம் அங்கே வெறும் படம். மாநிலத்தில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. இணைப்பில்லாமலே இயங்கும் தொகுப்பை ஜியோஜீப்ரா தளம் தருகிறது. ஜேஎஸ்எக்ஸ்கிராஃப் முழுமையாகத் திறந்த உரிமத்தில் உள்ளது. பணித்தாள்களின் படிகளை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தன் சொந்த வழங்கியில் வைத்து, ஆய்வகக் கணினிகளிலும் ஏற்றிவிட்டால், உரலி அரசின் முகவரியாக இருக்கும். மலையூர்ப் பள்ளிக்கும் சிக்னல் தேவைப்படாது.

தேர்வுத் துறையிடமும் ஒரு கோரிக்கை. அந்த 8 மதிப்பெண்ணில் இரண்டையாவது, கோட்டை நகர்த்தினால் தீர்வு என்ன ஆகும் என்று கேட்கும் வினாவுக்கு ஒதுக்குங்கள். வினாத்தாளில் வராத எதையும் பத்தாம் வகுப்பு ஆசிரியர் ஜனவரிக்குப் பிறகு திறப்பதில்லை.