மணியாகப் பிறந்த பீரங்கி

ரியோ டி ஜெனிரோவில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் படைக்கலச் சாலை. அதன் முற்றத்துக்கு இன்றைக்கும் பீரங்கி முற்றம் என்றே பெயர். அங்கே கிடக்கும் பீரங்கிகளில் பெரிய உருப்படி ஒன்றை ‘எல் கிறிஸ்தியானோ’ என்கிறார்கள். கிறிஸ்தவன் என்று பொருள். எடை சுமார் 12 டன். உடம்பில் ஸ்பானிய மொழியில் சின்னதாக ஒரு வாசகம்: ‘மதம் அரசுக்கு’. அதாவது, மதம் அரசுக்குக் கொடுத்தது. கொடுத்தது காசு பணமல்ல, பராகுவே நாட்டு மாதாகோயில்களின் மணிகள்.

பராகுவே வரைபடத்தில் அவ்வளவு சின்ன நாடு இல்லை. ஆனால் ஒரு பக்கம் பிரேசில், ஒரு பக்கம் அர்ஜென்டினா, நடுவில் கடலும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் எந்த நாடும் சின்னதாகத்தான் தெரியும். 1811இல் விடுதலை பெற்ற நாட்டை பிரான்சியா என்ற சர்வாதிகாரி 1840இல் சாகும்வரை ஏறக்குறைய தாழ்ப்பாள் போட்டே வைத்திருந்தார். மடங்களின் சொத்தையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும் அவர்தான். ஆக, அரசு கேட்டால் கோயில் கொடுக்கும் என்ற பழக்கம் பழையது. அடுத்து வந்த கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் தாழ்ப்பாளைத் திறந்தார். இங்கிலாந்திலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். இபிகுயி என்ற ஊரில் இரும்பு உருக்காலை, தலைநகர் அசுன்சியோனில் படைக்கலச் சாலை, ரயில் எல்லாம் வந்தன. அப்பா கட்டியதை 1862இல் மகன் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் வாரிசாக எடுத்துக்கொண்டார். இரண்டே வருடத்தில் போர்.

உருகுவேயின் உள்நாட்டுச் சண்டையில் பிரேசில் படையோடு நுழைந்தது; லோபெஸ் பிரேசிலைத் தாக்கினார்; வழிவிட மறுத்த அர்ஜென்டினாவையும் தாக்கினார். 1865 மே மாதம் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் கைகோத்தன. யார் மேல் எவ்வளவு பழி என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் லோபெஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே வருடம் ஜூனில் ரியாசுவேலோ என்ற இடத்தில் ஆற்றுப்போரில் பராகுவேயின் கப்பல் படை நொறுங்கியது. ஆறு மூடியது என்றால் அந்த நாட்டுக்கு உலகமே மூடியது போல. ஐரோப்பாவில் இரும்புக் கவசக் கப்பல்களுக்கு லோபெஸ் கொடுத்திருந்த ஆர்டர்கள் கப்பல் கட்டும் தளத்திலேயே நின்றன. அவற்றை வாங்கிக்கொண்டது பிரேசில்! இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டில் பராகுவேக்காகக் கட்டத் தொடங்கிய ஒரு கப்பல் ‘பஹியா’ என்று பெயர் மாறி, பராகுவேயைச் சுடவே வந்து சேர்ந்தது.

பீரங்கி வெளியிலிருந்து வராது. உள்ளூரில் வார்க்கலாமென்றால் அவ்வளவு வெண்கலம் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும்? கோபுரங்களில்தான். மணிகள் இறக்கப்பட்டன. 1867இல் கிறிஸ்தவன் பிறந்தான்.

மணியை அப்படியே உருக்கி ஊற்றினால் பீரங்கி ஆகிவிடாது. மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் இருக்கும். கணீரென்ற ஓசை அதனால்தான் வருகிறது, உடைகிற குணமும் அதனால்தான். வெடியின் அதிர்ச்சியைத் தாங்கும் பீரங்கிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். கலவையைச் சரிசெய்ய மேலும் செம்பு வேண்டும். மணியோடு நாட்டின் செம்பும் உலைக்குப் போகும்.

கிறிஸ்தவன் போய்ச் சேர்ந்த இடம் ஹுமைதா அரண். பராகுவே ஆறு குதிரை லாடம்போல வளையும் இடத்தில் கரையோரமாக பீரங்கி வரிசை, ஆற்றின் குறுக்கே கனத்த இரும்புச் சங்கிலி. பிரேசில் கப்பல்கள் குண்டு வீசும்போதெல்லாம் பராகுவே வீரர்கள் மாட்டுக்கொம்பை ஊதிக் கேலி செய்வார்களாம். அந்தக் கொம்புக்கு அவர்கள் வைத்த பெயர் துருத்துத்தூ. போர்முனையில் ‘கபிசுயி’ என்றொரு பத்திரிகையும் அச்சானது, மரக்கட்டைக் கேலிச்சித்திரங்களோடு, ஸ்பானிய மொழியிலும் மக்கள் பேசும் குவாரானியிலுமாக.

கேலி எத்தனை நாளைக்கு? 1868 பிப்ரவரி 19 விடியுமுன் கவசக் கப்பல்கள் ஹுமைதாவைக் கடந்துவிட்டன. அந்த வரிசையில் பஹியாவும் இருந்தது. ஜூலையில் அரண் விழுந்தது. கிடைத்த பீரங்கிகளை வென்றவர்கள் பங்கு போட்டார்கள். கிறிஸ்தவன் பிரேசிலுக்கு.

அந்த டிசம்பரில் இன்னொன்று நடந்தது. சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, நாட்டின் ஆயர் மனுவேல் அந்தோனியோ பலாசியோஸை லோபெஸ் சுட்டுக் கொல்லவைத்தார். ‘மதம் அரசுக்கு’ என்று பொறித்த கை காய்வதற்குள் என்று சொல்லத் தோன்றுகிறது.

1870 மார்ச் 1ஆம் தேதி செர்ரோ கோராவில் லோபெஸும் கொல்லப்பட்டார். நாட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை; ஆண்கள் கொத்துக்கொத்தாக அழிந்துபோனார்கள் என்பதில் சந்தேகமில்லை. மிஞ்சியவர்களில் ஒருவரான தளபதி பெர்னார்தினோ கபல்யேரோ 1887இல் கொலராடோ கட்சியைத் தொடங்கினார். பராகுவேயை அதிக காலம் ஆண்ட கட்சி அதுதான்.

நாட்டைப் பாழாக்கிய துரோகி என்று அரசு ஆவணத்திலேயே எழுதப்பட்ட லோபெஸ், 1936இல் ஒரே ஆணையில் தேசிய வீரர் ஆனார். எலும்புகள் அசுன்சியோன் மாவீரர் மண்டபத்துக்கு வந்தன. வீரர் வந்துவிட்டால் அவருடைய பீரங்கி எங்கே என்ற கேள்வி வராமலிருக்குமா?

உருகுவே தன் பங்குக் கொள்ளையை 1885லேயே திருப்பிக் கொடுத்திருந்தது. 1954 ஆகஸ்டில், பராகுவே அதிபராக அல்பிரெடோ ஸ்ட்ரோஸ்னர் பதவியேற்ற சமயத்தில், அர்ஜென்டினா அதிபர் பெரோன் தன் நாட்டுப் பங்கைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். பிரேசில் மட்டும் கைவிடவில்லை. ஸ்ட்ரோஸ்னர் பீரங்கிப் படையில் வளர்ந்த அதிகாரி. 35 வருடம் ஆண்டார். லோபெஸின் பெயரைச் சொல்லியே ஆண்டார். ஆனாலும் கிறிஸ்தவன் வரவில்லை. பிரேசிலோடு 1973இல் இதாய்பு அணைக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு, பழைய வெண்கலத்துக்காக முகம் சுளிக்க மனம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். போருக்காகப் பெண்கள் நகை கொடுத்ததைப் பதிந்த ‘தங்க நூல்’ 1975இல் திரும்பியது. 1989இல் பதவி பறிபோனதும் ஸ்ட்ரோஸ்னர் தப்பி ஓடியது பிரேசிலுக்கு. அங்கேயே 2006இல் இறந்தார்.

2010இல் பிரேசிலின் லூலா அரசு பீரங்கியைக் கொடுத்துவிடலாம் என்றது. பிரேசில் ராணுவத்திலும் வரலாற்றாளர்களிடையிலும் எதிர்ப்பு கிளம்பியது. பேச்சு அப்படியே கிடப்பில் போனது. 2012 ஜூனில் பராகுவே நாடாளுமன்றம் அதிபர் லூகோவை இரண்டே நாளில் பதவி நீக்கியது. அண்டை நாடுகள் முறைத்துக்கொண்டு மெர்கோசூர் கூட்டமைப்பிலிருந்து பராகுவேயை ஒதுக்கிவைத்தன. லூகோவின் இடத்தில் அமர்ந்த பெடரிக்கோ பிராங்கோ, அடுத்த மார்ச்சில் பிரேசிலிடம் கிறிஸ்தவனைத் திரும்பக் கேட்டார். நாற்காலி ஆடும்போதுதான் பீரங்கி ஞாபகம் வரும் போலிருக்கிறது. அதற்காகக் கோரிக்கை பொய்யாகிவிடாது. மணி கொடுத்த ஊர்கள் நிஜம்.

ஒருவேளை திரும்பி வந்தால் எங்கே வைப்பார்கள்? மாவீரர் மண்டபத்திலா, ஹுமைதா கரையிலா? பராகுவேயின் 100 குவாரானி நாணயத்தின் ஒரு பக்கத்தில் அந்தப் போரின் தளபதி தியாஸ் இருக்கிறார். மறுபக்கம் திருப்பினால் குண்டு துளைத்த ஹுமைதா கோயில். பாதிச் சுவர் மட்டும் நிற்கிறது.