மேலூர் கற்குவாரி நிலமும் மிதிவண்டிப் பாதையும்

மதுரை ஆரப்பாளையத்தில் தொடங்கி ஒத்தக்கடை, திருவாதவூர், மேலூர், கீழவளவு சென்று அரிட்டாபட்டியில் முடியும் சாலைகளை ஒரே நாளில் மிதிவண்டியில் சுற்றி வரலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் கல்லில் உளி பதித்து வந்த நிலம் இது. கடைசி முப்பது, நாற்பது ஆண்டுகளில் இங்கு கிரானைட் குவாரிகள் பெருகின. 2012க்குப் பின் அவற்றில் பெரும்பாலானவை நின்றுபோயின. இன்று குழிகளில் மழைநீர் தேங்கியுள்ளது, கழிவுக்கல் மேடுகளில் செடிகள் முளைத்துள்ளன. இதனை இயற்கை மீட்டுக்கொண்ட நிலம் என்று சொல்லலாமா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று.

ஆரப்பாளையம் முதல் திருவாதவூர் வரை

ஆரப்பாளையம் வைகையின் தென்கரையில் உள்ளது. தேனி, கொடைக்கானல், கோவைப் பேருந்துகள் புறப்படும் இடம் என்றே பலரும் இதனை அறிவர். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடைபெறும் புட்டுத்தோப்பும் இங்குதான் இருக்கிறது. அத்திருவிளையாடலோடு தொடர்புடைய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் இப்பாதையின் நடுவில் வருகிறது.

ஆற்றைக் கடந்து தல்லாகுளம், மாட்டுத்தாவணி வழியே ஒத்தக்கடை சென்றால் யானைமலை எதிர்ப்படும். படுத்திருக்கும் யானையைப் போன்ற இந்த ஒற்றைப் பாறையின் அடிவாரத்தில், கி.பி. 770இல் பாண்டியரின் அமைச்சர் மாறங்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுக்கத் தொடங்கினார். அவர் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் அதனை முடித்தார். பாறையின் ஓர் ஓரம் மட்டும் குடையப்பட்டது. 2010 வாக்கில் இம்மலையை மையமாக வைத்துச் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, மலை வெட்டப்பட்டுவிடும் என்று அஞ்சிய சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தனர். மலை தப்பியது.

ஒத்தக்கடையிலிருந்து நான்குவழிச் சாலையை விட்டுவிட்டுத் திருமோகூர் சாலையில் திரும்புவது மிதிவண்டிக்கு நல்லது. வயலும் கண்மாயும் மாறிமாறி வரும்.

உளியும் இயந்திரமும்

மாங்குளம் அருகே மீனாட்சிபுரத்தில் உள்ள மலைக் குகைகளில் 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த தமிழி எழுத்துக் கல்வெட்டுகள், தமிழகத்தில் கிடைத்த மிகப் பழையவற்றுள் சேரும். நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவின் பெயரும் அவற்றில் உள்ளன. சமண முனிவர்கள் படுக்கக் கல்லைச் சமன் செய்ததும், மழைநீர் குகைக்குள் வழியாதபடி மேல்விளிம்பில் காடி வெட்டியதும்தான் அன்றைய கல்வேலை. கீழவளவு பஞ்சபாண்டவர் மலையிலும் இத்தகைய படுக்கைகள் உண்டு. பின்னாளில் கோயிலுக்கும் கிணற்றுக்கும் கல் எடுத்தவர்கள் வரிசையாகக் குழி அடித்து ஆப்பு இறக்கிப் பிளந்தனர். அந்தக் குழிவரிசையைப் பழைய பாறைகளில் இன்றும் பார்க்கலாம்.

கிரானைட் ஏற்றுமதி வந்தபின் அளவே மாறிவிட்டது. துளைக்கருவியும் வைரக்கம்பி ரம்பமும் மலையைச் சதுரக் கட்டிகளாக அறுத்தன. மேலூர்ப் பகுதியின் வெண்கல் உலகச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரில் விற்றது. காஷ்மீருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை! நிறமோ அளவோ சரியில்லாத கட்டிகள் அங்கேயே குவிக்கப்பட்டன.

மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டார். அதே ஆண்டில் மாவட்டம் முழுதும் ஆய்வு நடந்து குவாரிகள் நிறுத்தப்பட்டன. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அறிக்கை அளித்தார். தொகையைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கல்லால் மூடப்பட்டன என்பது விவசாயிகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி.

நீர் நின்ற குழிகள்

கீழவளவுச் சாலையில் செல்பவர், அறுத்தெடுத்த கட்டிகளின் குவியலையும் அதற்கப்பால் பச்சை நீர் நிற்கும் செங்குத்தான குழிகளையும் பார்ப்பார். நீர்க்காகமும் மீன்கொத்தியும் வந்திருக்கும். மேடுகளில் எருக்கும் ஆவாரையும் முளைத்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீமைக் கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அது மண்டிய இடத்தைப் 'பசுமை திரும்பியது' என்று எழுதுவது அவசர முடிவு.

ஒப்பிட்டுப் பார்க்க வடக்கு பிரான்சின் ஆரென்பெர்க் காடு உதவும். பாரிஸ்–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தின் கடினமான பகுதி அங்குள்ள கல்பாவிய பாதை. நீளம் ஏறத்தாழ 2.4 கி.மீ. 1968இல் முதன்முதலாகப் பந்தயம் அதன் வழியே சென்றது. அப்பாதையைப் பரிந்துரைத்த ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி, 1962இன் உலக வீரர். இளமையில் அதே இடத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. அடியில் தோண்டியதால் மண் அமிழ்ந்து உருவான ஏரி இன்று பறவைக் காப்பிடம். 2012இல் அச்சுரங்க வட்டாரம் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அங்கே எடுத்தது காட்டுக்கு அடியில் இருந்த கரி; காடு மேலேயே நின்றது. மேலூரில் எடுத்தது மலையையே. பாறைமேல் பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் வழிந்து கண்மாய்க்கு ஓடும் என்பதால், மலைதான் இவ்வூர்க் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பு. மலை இருந்த இடத்தில் குழி வந்தால் அந்த நீர் குழியிலேயே நின்றுவிடும், மடைக்கு வராது. குவாரி முடிந்தபின் நிலத்தைச் சீரமைக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் சொல்கின்றன. பாதியில் நின்ற குவாரியில் அதைச் செய்வது யார் என்பதில்தான் சிக்கல்.

அரிட்டாபட்டி

வெட்டப்படாத மலை என்ன தரும் என்பதற்கு அரிட்டாபட்டி சான்று. ஏழு குன்றுகள், சுனைகள், கழிஞ்சமலையின் சமணச் சிற்பம், இலகுலீசர் உருவம் உள்ள பாண்டியர் காலக் குடைவரை ஆகியவை இங்குள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 193 எக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஷாகீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் அவற்றுள் அடக்கம். தேவாங்கும் அழுங்கும் உண்டு.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இதனையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 எக்டேர், ஏலத்தில் விடப்பட்டது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கி விவசாயிகள் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று நடுவணரசு ஏலத்தை ரத்து செய்தது.

மிதிவண்டியும் குவாரியும்

இவ்விரண்டுக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பழைய உறவு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. கல்குவாரிகளில் உழைத்த பெண்களும் அவர்களில் இருந்தனர். சில குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன.

மேலூர்ச் சாலைகளில் இன்று காலையில் அதிகம் காணப்படுவது பந்தய வண்டிகள் அல்ல, பள்ளி மாணவர்களின் அரசு விலையில்லா மிதிவண்டிகளே. வெளியூரிலிருந்து ஓட்டி வருவோர் விடியற்காலையில் புறப்பட்டால் வெயிலும் லாரியும் குறைவு. குவாரிக் குழிகளில் குளிக்க இறங்கக் கூடாது. ஓரத்திலேயே ஆழம் தொடங்கும், ஏறிவரப் படி இராது.